நியூட்ரான் விண்மீனுக்குள் மட்டும் விழித்துக்கொள்ளும் ஒரு புலம்

[திரையில்: சூரியனை ஒட்டிக் கடந்து பூமிக்கு வரும் ரேடியோ அலை]

2002இல், சனிக்கோளை நோக்கிப் போய்க்கொண்டிருந்த காசினி விண்கலத்தின் ரேடியோ சிக்னல் சூரியனை ஒட்டிக் கடந்து பூமிக்கு வந்தது. சூரியனின் ஈர்ப்பு அந்த சிக்னலை எப்படித் தாமதப்படுத்துகிறது என்று அளந்து பார்த்தார்கள். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியல் சொன்ன அளவோடு, லட்சத்தில் சில பங்கு துல்லியத்துக்குப் பொருந்தியது.

அப்படியானால் ஈர்ப்பைப் பற்றிய கேள்வி தீர்ந்துவிட்டதா? தீரவில்லை. சூரியனின் ஈர்ப்பு ரொம்ப மென்மையானது. ஒரு பொருளின் நிறையை அதன் ஆரத்தால் வகுத்து, ஈர்ப்பு மாறிலியையும் ஒளி வேகத்தையும் சேர்த்தால் ஓர் எண் கிடைக்கும். அதை அடர்வு எண் என்று வைத்துக்கொள்வோம். சூரியனுக்கு அது பத்து லட்சத்தில் இரண்டு. பெரிய விண்மீன் ஒன்று வெடித்தபின் மிஞ்சும் அடர்ந்த உட்கருவான நியூட்ரான் விண்மீனுக்கோ கிட்டத்தட்ட 0.2. சூரியனைவிடக் கூடுதலான நிறை, சுமார் 12 கிலோமீட்டர் ஆரத்துக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. இவ்வளவு வித்தியாசமான இடத்திலும் அதே விதிதான் என்று சூரியனைச் சோதித்துச் சொல்லிவிட முடியாது.

சரி, வேறு என்ன விதி இருக்க முடியும்? மிக எளிய மாற்று, ஈர்ப்போடு ஒரு ஸ்கேலர் புலத்தைச் சேர்ப்பது. வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே ஓர் எண், திசை கிடையாது. அவ்வளவுதான் ஸ்கேலர் புலம். இது வெறும் கற்பனை இல்லை. 2012இல் செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் ஆய்வகம் உறுதிசெய்த ஹிக்ஸ் துகள் இப்படி ஒரு புலத்திலிருந்து வருவதுதான். ஈர்ப்பில் இதைச் சேர்க்கும் கோட்பாட்டை 1961இல் பிரான்ஸும் டிக்கியும் முன்வைத்தார்கள். காசினி அளவீடு அந்தப் பழைய வடிவத்தை வெகுவாக நெருக்கிவிட்டது.

ஆனால் 1993இல் தமூர், எஸ்பொசித்தோ-ஃபரேஸ் என்ற இரு இயற்பியலாளர்கள் காட்டிய ஒன்று என்னை இன்றும் அசத்துகிறது. சூரியக் குடும்பத்தில் ஐன்ஸ்டைனிடமிருந்து துளிகூட விலகாத ஒரு ஸ்கேலர் கோட்பாடு, நியூட்ரான் விண்மீனில் பெரிய அளவில் விலக முடியும்!

[திரையில்: விண்மீனின் குறுக்குவெட்டு, மையத்தில் ஒரு சிறு அலை]

எப்படி என்று நிதானமாகப் பார்ப்போம். எங்கும் பூஜ்யமாக இருக்கும் புலத்தில், விண்மீனுக்குள் ஒரு சிறு அசைவு எழுகிறது. இரண்டு விஷயங்கள் அதன் மேல் வேலை செய்கின்றன. புலம் தன் மேடுபள்ளங்களைச் சமன்படுத்தி அசைவை அடக்கப் பார்க்கும். பொருளோ, இந்தக் கோட்பாட்டில், அசைவை ஊதிப் பெருக்கப் பார்க்கும். எது ஜெயிக்கும் என்பதைத் தீர்மானிப்பது அடர்த்தியும் ஆரத்தின் வர்க்கமும் சேர்ந்த பெருக்கம். அது வேறொன்றுமில்லை, நாம் மேலே பார்த்த அதே அடர்வு எண். சூரியனில் அசைவு அடங்கிப்போகும். நியூட்ரான் விண்மீனில், பொருளுக்கும் புலத்துக்கும் இடையிலான பிணைப்பு போதிய வலுவோடு இருந்தால், அசைவு தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு ஒரு நிலையான புலமாக நின்றுவிடும். 770 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிரும் இரும்பு, வெளிக் காந்தம் எதுவும் இல்லாமலே காந்தமாவது போல. இதற்குத் தன்னியல்பு ஸ்கேலரேற்றம் என்று பெயர். விண்மீன் இப்படிப் பெறும் புலத்தின் அளவை ஸ்கேலர் ஏற்றம் என்போம்.

இதைக் கண்டுபிடிப்பது எப்படி? ஸ்கேலரேற்றம் நடந்தால் விண்மீனின் நிறையும் ஆரமும் மாறும்தான். ஆனால் நியூட்ரான் விண்மீனின் மையத்தில் பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்பதே இன்னும் தெளிவாகவில்லை. ஆரம் கொஞ்சம் கூடினால் அது ஈர்ப்பின் வேலையா, பொருளின் வேலையா என்று பிரிப்பது கஷ்டம்.

அதனால் இரட்டை விண்மீன்களிடம் போனார்கள். ஒன்றையொன்று சுற்றும் இரு பொருள்கள் வேறுவேறு அளவு ஸ்கேலர் ஏற்றம் கொண்டிருந்தால், பொதுச் சார்பியலில் இல்லாத இருமுனைக் கதிர்வீச்சு, அதாவது ஆற்றலைக் கொண்டுபோகும் ஸ்கேலர் அலை, கிளம்பும். சுற்றுப்பாதை அதிக வேகமாகச் சுருங்கும். இரண்டுமே ஒரே மாதிரி நியூட்ரான் விண்மீன்களாக இருந்தால் இந்த விளைவு ரத்தாகிவிடும். சுழன்றபடி சீராக ரேடியோ துடிப்புகள் அனுப்பும் நியூட்ரான் விண்மீனான ஒரு பல்சரும், சூரியன் போன்ற விண்மீன் எரிந்து முடிந்தபின் மிஞ்சும் ஒரு வெள்ளைக் குள்ளனும்தான் சரியான ஜோடி. வெள்ளைக் குள்ளனின் அடர்வு எண் சிறியது, அதனால் ஏற்றம் பெறாது.

[திரையில்: ஜே1738+0333, சுற்றுக்காலம் 8.5 மணி நேரம்]

அப்படி ஒரு ஜோடிதான் ஜே1738+0333. இதில் இருக்கும் பல்சர் 5.85 மில்லி விநாடிக்கு ஒரு முறை சுழல்கிறது. துடிப்புகளைப் பல ஆண்டுகள் விடாமல் கணக்கெடுத்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். எட்டரை மணி நேரச் சுற்று, ஆண்டுக்கு ஒரு மைக்ரோ விநாடிக்கும் குறைவாகச் சுருங்குகிறது. ஈர்ப்பு அலைகளால் பொதுச் சார்பியல் எதிர்பார்க்கும் அளவும் அதுதான். இருமுனைக் கதிர்வீச்சின் தடயம் எதுவும் இல்லை.

ஒரு பல்சர் போதாது. ஸ்கேலரேற்றம் குறிப்பிட்ட நிறைகளில் மட்டும் நடக்கலாம் என்பதால், வெவ்வேறு நிறையுள்ள பல்சர்கள் தேவைப்பட்டன. 2013இல் ஜே0348+0432 வந்தது. அதன் நிறை சூரியனைப் போல 2 மடங்கு என்று அப்போது கணக்கிட்டார்கள். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்து, 2022 வாக்கில் 1993இன் அந்த எளிய வடிவத்துக்கு ஏறக்குறைய இடமே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

அப்புறமும் ஒரு வழி திறந்தே இருக்கிறது. ஸ்கேலர் புலத்துக்குக் கொஞ்சம் நிறை இருந்தால் அதன் செல்வாக்கு குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் எட்டாது. ஜே1738+0333 ஜோடிக்கு இடையே சுமார் 17 லட்சம் கிலோமீட்டர். புலம் ஆயிரம் கிலோமீட்டர்தான் எட்டும் என்றால், விண்மீன் ஏற்றம் பெற்றிருந்தாலும் அந்தச் சுற்றுப்பாதை அதைக் காட்டாது.

அதைப் பிடிக்க, இரு பொருள்கள் மோதும் முன் சில நூறு கிலோமீட்டருக்குள் நெருங்கும் கணங்களைப் பார்க்க வேண்டும். ஈர்ப்பு அலைகளைப் பதிவு செய்யும் லைகோ, விர்கோ கருவிகள் கேட்பது சரியாக அந்தக் கணங்களைத்தான். 2020 ஜனவரியில், நியூட்ரான் விண்மீனைக் கருந்துளை விழுங்கிய இரண்டு நிகழ்வுகள் பத்து நாள் இடைவெளியில் பதிவாயின. இந்தக் கோட்பாட்டில் கருந்துளை ஏற்றம் பெறாது. அதனால் இங்கே ரத்தாகும் பேச்சே இல்லை: விண்மீனுக்கு ஏற்றம் இருந்தால், கடைசி விநாடிகளில் அலையின் அதிர்வெண் ஐன்ஸ்டைன் கணக்கைவிட வேகமாக ஏறும். பூமிக்குப் போதிய அளவு அருகில் நடக்கும் அப்படி ஒரு மோதல்தான் இப்போது தேவை.