விண்டோஸ் 98-ல நெட்சர்ஃப்: "ஒகேனக்கல்" உடையாம வரணும்னா என்ன செய்யணும்

வணக்கம் நண்பர்களே, கிருஷ்ணகிரியில இருந்து பேசறேன். டேபிள் மேல இருக்கறது பென்டியம் த்ரீ, 128 எம்பி ரேம், விண்டோஸ் 98 செகண்ட் எடிஷன். ஓசூர் பக்கம் ஃபேக்டரிங்க சிஸ்டம் மாத்தும்போது இந்த மாதிரி பெட்டிங்க இன்னும் பழைய இரும்புக் கடைக்கு வருது. இதுல இன்னைய வெப்சைட் திறக்கணும், தமிழ் எழுத்தும் உடையக் கூடாது.

ஃபயர்ஃபாக்ஸ் வேலைக்கு ஆகாது. 98-க்கு வந்த கடைசிப் பதிப்பு 2.0.0.20, அது 2008 டிசம்பர். புதுசை எடுத்தா, 54-ல இருந்து ரஸ்ட் கம்பைலர் இல்லாம பில்டே ஆகாது. குரோமியத்துக்கு இந்த ரேம் எந்த மூலைக்கு? அதனால நெட்சர்ஃப்ங்கிற சின்ன பிரவுசரை சோர்ஸ்ல இருந்து நாமே கட்டப் போறோம். 2002-ல ரிஸ்க் ஓஎஸ்-க்காக ஆரம்பிச்சது, சி-ல எழுதினது, லேஅவுட் இன்ஜினும் அவங்களோடதே.

இதுல விண்டோஸ் ஃப்ரன்ட்எண்ட் (ஜன்னல், திரையைப் பார்த்துக்கற பகுதி) ஒண்ணு ஏற்கெனவே இருக்கு. இருந்தாலும் ஃப்ரேம்பஃபர் ஃப்ரன்ட்எண்டைத்தான் எடுக்கச் சொல்வேன். 98-ல, ஸ்க்ரீன்ல வரையற ஜிடிஐ-யோட 16 பிட் மெமரி (ஹீப்) 64 கேபி-தான். பிரஷ், பிட்மேப்னு ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டே போனா சிஸ்டம் ரிசோர்ஸ் தீர்ந்து டெஸ்க்டாப்பே தொங்கிடும். ஃப்ரேம்பஃபர்ல எல்லாத்தையும் நாமே மெமரியில வரையறோம், ஒரே ஒரு படமாத்தான் ஸ்க்ரீனுக்குப் போகுது. திரைக்கு அனுப்ப எஸ்டிஎல் 1.2 லைப்ரரி போதும், அது 98-ல ஓடும். ஃபைல் பாத் கையாள்ற ப்ரோக்ராம் பகுதியை மட்டும் விண்டோஸ் ஃப்ரன்ட்எண்ட்ல இருந்து எடுத்துக்கங்க, இல்லன்னா பேக்ஸ்லாஷைப் பார்த்துக் குழம்பும்.

கலர் சரியான்னு பார்க்க ஒரு மாம்பழப் படம் திறங்க. பழம் நீலமா வந்தா சிவப்பும் நீலமும் இடம் மாறிடுச்சு, பிக்சல் ஃபார்மேட்டை மாத்துங்க.

பில்ட் லினக்ஸ்ல, அங்கிருந்தே விண்டோஸுக்குக் கட்டற மின்ஜிடபிள்யூ 32 பிட் கிராஸ் கம்பைலர்ல. சி ரன்டைம் லைப்ரரிக்கு யுசிஆர்டி வேண்டாம், பழைய எம்எஸ்விசிஆர்டி. த்ரெட் மாடல் வின்32. ப்ராசசர் ஃப்ளாக் பென்டியம்3. இந்தச் சிப்ல எஸ்எஸ்இ2-ங்கிற இன்ஸ்ட்ரக்ஷன் தொகுதி கிடையாது, ரெடிமேடா இறக்கின இமேஜ் லைப்ரரியில ஒரு எஸ்எஸ்இ2 இன்ஸ்ட்ரக்ஷன் ஒளிஞ்சிருந்தாலும் "இல்லீகல் ஆபரேஷன்"னு விழும். எல்லா லைப்ரரியையும் சோர்ஸ்ல இருந்து கட்டுங்க.

"மிஸ்ஸிங் எக்ஸ்போர்ட்"னு மெசேஜ் வந்தா நல்லது, எந்த ஃபங்ஷன் இல்லன்னு பேரோட சொல்லிடும். ஆப்ஜ்டம்ப் டூல்ல இம்போர்ட் லிஸ்ட்டை (ப்ரோக்ராம் கேக்கற ஃபங்ஷன் பட்டியல்) எடுத்து 98-ஓட டிஎல்எல்-களோட ஒப்பிட்டா முன்னாடியே தெரிஞ்சிடும். கெட்டது எதுன்னா, டபிள்யூ-ல முடியற யூனிகோட் ஃபங்ஷன்கள். கிரியேட்ஃபைல்டபிள்யூ 98-ல பேருக்கு இருக்கு, கூப்பிட்டா 120-ங்கிற எரரைத் திருப்பிக் கொடுத்துட்டுச் சும்மா இருக்கும். லிங்க் ஆகும், ஓடும், ஃபைல் மட்டும் திறக்காது. ஏ-ல முடியற ஃபங்ஷனுக்கு மாத்துங்க, இல்லன்னா யூனிகோட் ஃபங்ஷன்களை 98-ல ஓட வைக்கற யூனிகவ்ஸ் டிஎல்எல்லைச் சேருங்க.

இப்ப ஸ்க்ரீனைப் பாருங்க. ஷேப்பிங், அதாவது எழுத்துத் துண்டுகளைச் சரியான இடத்துல கோக்கற வேலை, இல்லாத பில்ட் இது. "ஒகேனக்கல்"னு இருக்கற இடத்துல இரட்டைக் கொம்பு ககரத்துக்கு அப்புறம் விழுந்து, "ஒகனேக்கல்"னு படிக்குது. "தொப்பூர்"ல கொம்பு, கால் ரெண்டுமே தகரத்துக்குப் பின்னாடி. எழுத்து வரையற ஃப்ரீடைப் லைப்ரரி, யூனிகோட் வரிசையில ஒவ்வொண்ணா வரையுது, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். 98-லயும் இதுக்கு உதவி கிடையாது, விண்டோஸ்ல தமிழ் வந்ததே 2000-லதான். அதனால ஷேப்பிங் செய்யற ஹார்ஃப்பஸ் லைப்ரரியை உள்ள சேர்க்கணும். த்ரெட் வேண்டாம்ங்கிற ஆப்ஷனோட கட்டினா தொல்லை குறையும்.

வரையற இடத்துல மட்டும் ஹார்ஃப்பஸ்ஸைப் போட்டா பத்தாது. நெட்சர்ஃப் ஃபான்ட்கிட்ட மூணு கேள்வி கேக்கும்: இந்த வரி எவ்வளவு அகலம், இந்த இடத்துல எந்த எழுத்து, எங்க மடக்கணும். மூணுக்கும் ஷேப் பண்ணின விடைதான் போகணும். இல்லன்னா எழுத்து சரியா வரும், அடுத்த சொல் மேல ஏறி உக்காரும். எழுத்து தேடறப்ப "தொ" மொத்தத்தையும் ஒரே துண்டா எடுங்க, நடுவுல கர்சர் நிக்கக் கூடாது. லேஅவுட் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கேக்கும், அதனால சொல்லுக்குச் சொல் விடையைச் சேமிச்சு வைங்க. இந்தக் கேஷ் இல்லன்னா பென்டியம் த்ரீ திணறும். தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், ஆங்கிலத்துக்கு டெஜாவு. ஷேப் பண்றதுக்கு முன்னாடி வரியை எழுத்துமுறை வாரியா வெட்டிக்கணும்.

அடுத்து எச்டிடிபிஎஸ். பக்கத்தை இறக்கற கர்ல் லைப்ரரியோட, என்கிரிப்ஷனுக்கு எம்பெட் டிஎல்எஸ் 2.28 சேருங்க, அது டிஎல்எஸ் 1.2 வரைக்கும் பேசும். ரேண்டம் எண்ணுக்கு விண்டோஸோட புது பிகிரிப்ட் டிஎல்எல்லைத் தேடினா 98-ல இருக்காது, பழைய கிரிப்ட்ஜென்ரேண்டமை நீங்களே கட்டிக் கொடுங்க. சைட் பேரை ஐபி முகவரியா மாத்தற கெட்அட்ரின்ஃபோவும் இல்ல, கெட்ஹோஸ்ட்பைநேம்தான். சிப்ல ஏஇஎஸ் என்கிரிப்ஷனுக்குத் தனி வசதி இல்லாததால சாச்சா20 என்கிரிப்ஷனை லிஸ்ட்ல முதல்ல வைங்க, வேகம் தெரியும். ரூட் சர்ட்டிஃபிகேட் ஃபைல் புதுசா இருக்கணும். இலவசமா சர்ட்டிஃபிகேட் கொடுக்கற லெட்ஸ் என்கிரிப்ட் நம்பியிருந்த பழைய டிஎஸ்டி ரூட் 2021 செப்டம்பர் 30-ஓட முடிஞ்சது.

எல்லாம் சரியா இருந்தும் ஒரு சைட் கூடத் திறக்கலன்னா, டாஸ்க்பார்ல கடிகாரத்தைப் பாருங்க. மதர்போர்டு பேட்டரி செத்திருந்தா தேதி பல வருஷம் பின்னாடி போயிருக்கும், எந்தச் சர்ட்டிஃபிகேட்டும் செல்லாது. சிஆர்2032, வாட்ச் கடையிலயே கிடைக்கும்.

கடைசியா, நெட்சர்ஃபோட செட்டிங்ஸ் இருக்கற சாய்சஸ் ஃபைல். ஜாவாஸ்கிரிப்டை ஆஃப் பண்ணிடுங்க. உள்ள இருக்கற டக்டேப் ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜின் இன்னைய சைட்டுங்களோட ஸ்கிரிப்டைத் தாங்காது, ரேமை மட்டும் தின்னும். பேங்க், டிக்கெட் புக்கிங் இதுல வராது. தமிழ் விக்கிப்பீடியா மாதிரி எழுத்துப் பக்கம் வரும். மெமரி கேஷை 12 எம்பி-க்கு மேல ஏத்தாதீங்க, ஏத்தினா ஸ்வாப் ஃபைல்ல ஹார்ட்டிஸ்க் உருண்டுக்கிட்டே இருக்கும்.