எழுகரையில் செத்தவருக்கும் கொடை உண்டு

நேயர்களுக்கு வணக்கம். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு ஒன்றைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். டேபிள்டாப் ரோல்பிளேயிங் என்பார்கள். தக்கலையில் எங்கள் வீட்டு மாடியில் கூடுகிறவர்கள் சுருக்கமாக மேசை ஆட்டம் என்கிறோம். கதையை நடத்துகிறவர் கேம் மாஸ்டர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கதாபாத்திரம். “எதிரே பாழடைந்த கோட்டை, உள்ளே விளக்கு எரிகிறது, என்ன செய்கிறீர்கள்?” என்று நான் கேட்பேன். மதிலேறிக் குதிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், குதித்தாரா விழுந்தாரா என்பதை இருபது பக்கப் பகடை சொல்லிவிடும்.

ஒரு கதை ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிடலாம். கதை நடக்கிற நாட்டையே நாம் உண்டாக்கி, வருடக்கணக்காக அதிலேயே ஆடுவது தனி சந்தோஷம். எங்கள் நாட்டின் பெயர் எழுகரை. முதலில் ஆடிய பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். இப்போது அவர்களுடைய தம்பி தங்கைகள் ஆடுகிறார்கள். நாடு அதே நாடுதான்.

இந்த ஆட்டம் பிறந்த விதமும் அதுதான். அமெரிக்காவில் மினசோட்டாவில் டேவ் ஆர்னசன் 1971 வாக்கில் பிளாக்மூர் என்ற கற்பனை நாட்டில் நண்பர்களை ஆட வைத்தார். அதை ஆடிப் பார்த்த கேரி கைகாக்ஸ், விஸ்கான்சினில் தன் ஊரான லேக் ஜெனிவாவில் கிரேஹாக் என்ற நாட்டைத் தொடங்கினார். இருவருமாக உருவாக்கி 1974ல் வெளிவந்ததுதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை ஆட்டம். அச்சில் விதிகள் வருவதற்கு முன்பே வீட்டில் ஆடிய நாடுகள் இருந்தன. ஒரு கோட்டை, அதற்கடியில் நிலவறைகள், அவ்வளவுதான் ஆரம்பம். ஆட ஆட ஊரும் சாலையும் பக்கத்து நாடுகளும் வந்து சேர்ந்தன.

புதிதாக நாடு உண்டாக்குகிறவர்கள் ராஜ பரம்பரையில் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் தண்ணீரை முடிவு செய்யுங்கள் என்பேன். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பேச்சிப்பாறை அணை 1906லேயே வந்துவிட்டது. இன்றும் கன்னிப்பூ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்தால், வாய்க்காலின் கடைசியில் இருக்கிற கடைவரம்பு வயல்களுக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் பேச்சு. 1966ல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பாருங்கள். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தண்ணீர் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போகிறது. எழுகரையிலும் அப்படி ஒரு பாலம் வைத்தேன். கட்டியது யார் என்று அந்நாட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் அதில் விரிசல் விழுந்தால் யார் கொத்தன் கூலி கொடுப்பது என்று மூன்று ஊருக்கும் தகராறு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வள்ளம் கடலில் இறங்காது, கடற்கரை ஊர்களில் கடன் ஏறும், கடன் கொடுத்தவன் மலையடிவாரத்தில் இருப்பான். இவ்வளவு இருந்தால் போதும், கதைக்காக நான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அப்புறம் நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் என்ன மாறியது என்பதை மட்டும் எழுதிவைப்பேன். யார் செத்தார், யாருக்கு யார் கடன்பட்டார், எது உடைந்தது. முதல் கூட்டம் ஒருமுறை கொள்ளைக்காரர் படையை அழிக்க ராத்திரியில் பெரிய குளத்தின் மடையை உடைத்தார்கள். படை மூழ்கியது, அவர்களுக்கு அரண்மனையில் விருந்து நடந்தது. கடைவரம்பில் அந்த வருடம் நெல் இல்லை என்று நான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். கதைக் கணக்கில் முப்பது வருடம் கழித்து, இளைய கூட்டம் ஒரு ஊருக்குள் நுழைந்தது. வயலெல்லாம் முள். ஒரே ஒரு கிழவி. குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள், தர மாட்டேன் என்றாள். குளம் போன கதையைச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த பையன் ஒருவன் எழுந்தே விட்டான். “எக்கா, அது எங்க அண்ணன் உடைச்ச மடையாக்கும்!” அன்றைக்கு நான் வைத்திருந்த பூதத்தை யாரும் தேடிப் போகவில்லை. மடைக்குக் கல் எங்கே கிடைக்கும் என்று பேசியே இரவு பத்து மணி ஆகிவிட்டது.

செத்தவர்களையும் விட்டுவிடக் கூடாது. ஆடி ஆடி வளர்த்த கதாபாத்திரம் செத்தால் பிள்ளைகளுக்கு உண்மையாகவே வலிக்கும். நம் பக்கத்தில் வெட்டுப்பட்டுச் செத்தவர்கள் தெய்வமாகிப் பீடம் பெறுவார்கள், கொடை என்கிற கோயில் விழா நடக்கும், வில்லுப்பாட்டில் அவர்கள் கதை வரும். எழுகரையிலும் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தேன். குளச்சல் பையன் ஒருவனின் வள்ளக்காரன் தொட்டிப்பாலத்தில் கூட்டாளிகள் தப்பிக்க வழிமறித்து நின்று செத்தான். பிறகு பாலத்தடியில் அவனுக்கு ஒரு பீடம் எழும்பியது. கடலுக்குப் போகிற அந்தப் பையன் லீவில் வந்தபோது, இளைய கூட்டத்துக்காக நான் அந்த வில்லுப்பாட்டைப் பாடினேன். பாட்டில் எதிரிகள் நூறு பேர், அவனுக்கு ஏழு அண்ணன்மார். “எனக்கு அண்ணனே கிடையாதே எக்கா,” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, இன்னொரு தடவை பாடச் சொன்னான். இப்போது பாலம் கடக்கிறவர்கள் அந்த வள்ளக்காரனுக்குச் சுருட்டு வைக்க வேண்டும். வைக்காமல் போனால் பகடையில் இரண்டு குறையும். இந்த விதியைப் போட்டது நானில்லை, பிள்ளைகள்.

ஆடுகிறவர்கள் சொல்வதையும் நாட்டுக்குள் விட வேண்டும். குலசேகரத்திலிருந்து வரும் பெண்ணின் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். தன் கதாபாத்திரத்தின் ஊரில் இருட்டில் ஒளிரும் மரப்பால் உண்டு என்று அவள் ஒரு நாள் சொன்னாள். சரி என்றேன். இன்று எழுகரையில் விளக்கு வியாபாரமே அதில்தான் நடக்கிறது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். நம் ஊரில் இன்று கும்பிடும் சாமியின் பெயரையும், எந்தச் சாதியின் பெயரையும் நாட்டுக்குள் கொண்டுவர விடமாட்டேன். பல வீட்டுப் பிள்ளைகள் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். ஒருவருக்கும் மனசு நோகக் கூடாது.

தொடங்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பெரிய செலவில்லை. ஒரு குளம், அதை நம்பி இரண்டு ஊர், ஒரு தகராறு இருந்தால் முதல் ஆட்டத்துக்குப் போதும். இருபது பக்கப் பகடை கிடைக்காவிட்டால் 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுக்கலாம். 1979ல் பகடைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்ட அமெரிக்கக் கம்பெனியே ஆட்டப் பெட்டிக்குள் எண் சீட்டுகளைத்தான் வைத்து விற்றது. எடுத்த சீட்டை மறக்காமல் திரும்ப டப்பாவில் போட்டுவிடுங்கள். நன்றி, வணக்கம்.