மல்யுத்த மேடைக்குப் பின்னால் நடக்கும் மல்லுக்கட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு, டபிள்யூடபிள்யூஎஃப் என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தின் வீரர்கள் படம் போட்ட ட்ரம்ப் கார்டு ஞாபகம் இருக்கும். உயரம், எடை, மார்பளவு, ரேங்க் என்று வரிசையாக அச்சடித்திருப்பார்கள். உயரத்தை அளந்துவிடலாம், எடையை நிறுத்துவிடலாம். அந்த ரேங்க்கை யார் போட்டது என்று மட்டும் அப்போது யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அது நிஜச் சண்டையா, நாடகமா என்ற பழைய வழக்கை முதலிலேயே முடித்துவிடுவோம். விழுகிற அடி நிஜம், முறிகிற எலும்பும் நிஜம். யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே எழுதியது. பல வருஷம் பணியாளர் பிரிவில் காலம் தள்ளிய எனக்கு, இந்த எழுதிவைத்த முடிவுதான் சுவாரசியமாகப் படுகிறது. ஜெயிப்பவரை நிர்வாகமே தேர்ந்தெடுக்கிறது என்றால், அந்த ஊரில் வெற்றிக்குப் பதவி உயர்வு என்று பெயர். தோற்பது அன்றைக்கு ஒதுக்கப்பட்ட வேலை. நன்றாகத் தோற்றுக் கொடுத்து எதிராளியைப் பெரிய ஆளாகக் காட்டத் தெரிந்தவருக்கு உள்ளுக்குள் நல்ல மதிப்பு உண்டு. ஆனால் சுவரொட்டியில் அவர் படம் வராது. ஆகவே நிஜமான போட்டி உடை மாற்றும் அறையிலும், கதை எழுதுபவர்களின் மேசையிலும், முதலாளி அறை வாசலிலும் நடக்கிறது.

1996 மே 19. நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஷான் மைக்கேல்ஸ், கெவின் நாஷ், ஸ்காட் ஹால், டிரிபிள் எச் ஆகிய வீரர்கள் ஒரு நண்பர் வட்டம். டபிள்யூடபிள்யூஎஃப் முதலாளி வின்ஸ் மக்மேனின் காதில் போட்டால் காரியம் நடக்கும் என்ற அளவுக்குச் செல்வாக்கான வட்டம். அதில் நாஷும் ஹாலும் போட்டி நிறுவனமான டபிள்யூசிடபிள்யூவுக்குப் போகிறார்கள். அங்கே உறுதியான சம்பளம். இங்கே இதுதான் கடைசி இரவு. கூண்டுக்குள் மைக்கேல்ஸும் நாஷும் மோதி முடித்ததும், ஹால் மேடையேறி மைக்கேல்ஸைக் கட்டிக்கொண்டார். இருவரும் கதையில் நல்லவர்கள், அதனால் பரவாயில்லை. அடுத்து டிரிபிள் எச் வந்தார். அவர் கெட்டவர். அன்று மாலைதான் ஹாலுடன் மோதியிருந்தார். அப்புறம் தரையில் கிடந்த நாஷும் எழுந்துவிட்டார். நான்கு பேரும் கட்டிப்பிடித்து, கையைத் தூக்கி ரசிகர்களிடம் விடைபெற்றார்கள்.

நல்லவனும் கெட்டவனும் வெளியில் ஒன்றாகத் தலைகாட்டவே கூடாது என்பது அந்தத் தொழிலின் பழைய கட்டுப்பாடு. அன்றைய நிகழ்ச்சி தொலைக்காட்சியில் வராதது. ஆனால் கூட்டத்தில் ஒரு ரசிகர் கேமராவை ஒளித்துக் கொண்டுவந்து படம் பிடித்துவிட்டார். நிர்வாகத்தில் பழைய ஆட்கள் கொதித்துப்போனார்கள். யாரையாவது தண்டித்தாக வேண்டும். யாரை? நாஷும் ஹாலும் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். மைக்கேல்ஸ் அப்போதைய சாம்பியன், அவரைத் தொட்டால் டிக்கெட் விற்பனை அடிவாங்கும். மிச்சமிருந்தவர் டிரிபிள் எச். நால்வரில் இளநிலை ஊழியர் என்றே சொல்லலாம். பழி அவர் தலையில் விழுந்தது. எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்கும் இந்தக் கணக்கு புரியும்.

அந்த வருஷம் 'கிங் ஆஃப் த ரிங்' போட்டியில் அவரைத்தான் ஜெயிக்க வைப்பதாக இருந்தார்கள். அது பறிபோனது. காலியான இடம் ஸ்டீவ் ஆஸ்டினுக்குப் போனது. ஆஸ்டின் யார்? முந்தைய வருஷம், காயத்தோடு வீட்டில் இருக்கும்போதே டபிள்யூசிடபிள்யூ தொலைபேசியில் வேலையைவிட்டு நீக்கிய ஆள். ஜூன் 23 அன்று, மில்வாக்கியில், அரையிறுதியில் உதடு கிழிந்து, மருத்துவமனையில் தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்து இறுதியாட்டம் ஆடினார். எதிராளி ஜேக் ராபர்ட்ஸ், பைபிள் வசனம் பேசும் பாத்திரம். ஜெயித்த ஆஸ்டின், பைபிளின் யோவான் 3:16 வசனத்தைக் கிண்டல் செய்து 'ஆஸ்டின் 3:16' என்று மைக்கில் ஒரு போடு போட்டார். அந்த எழுத்து பொறித்த கருப்பு டி-சட்டை பிறகு உலகமெல்லாம் விற்றது. அவருக்குத் திறமை இருந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மைக் அவர் கைக்கு வந்த வழி, இன்னொருவர் வாங்கிய தண்டனை. நம் பதவி உயர்வு வரலாறுகளில் இந்தப் பக்கத்தை யாரும் எழுதுவதில்லை.

சரி, டிரிபிள் எச் என்ன ஆனார்? வாயைத் திறக்காமல், தோற்கச் சொன்ன இடத்தில் தோற்றார். அடுத்த வருஷம் அதே 'கிங் ஆஃப் த ரிங்' பட்டம் கிடைத்தது. 1999இல் சாம்பியன். 2003இல் முதலாளியின் மகள் ஸ்டெஃபனியைக் கல்யாணம் செய்துகொண்டார். இன்று டபிள்யூடபிள்யூஇ என்று பெயர் மாறியிருக்கும் அதே நிறுவனத்தில் யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்று தீர்மானிக்கும் நாற்காலியில் இருப்பவர் அவர்தான். மாப்பிள்ளை என்பதால் வந்த பதவி என்று பேசுபவர்கள் உண்டு. சாம்பியன் பட்டம் கல்யாணத்துக்கு நான்கு வருஷம் முந்தியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் என்பது என் கட்சி.

உடை மாற்றும் அறையின் சட்டதிட்டங்கள் தனி. புதியவர் எல்லோருக்கும் கை கொடுக்க வேண்டும். தவறினால் மூத்தவர்கள் கூடி விசாரிப்பார்கள், மூத்த நட்சத்திரமான அண்டர்டேக்கர் நீதிபதி மாதிரி உட்கார்ந்திருப்பார். 'த மிஸ்' என்ற பெயரில் ஆடுபவர் ரியாலிட்டி டிவியிலிருந்து வந்தவர், அதனாலேயே பலருக்கு அவரைப் பிடிக்காது. ஒருநாள் அவர் சிக்கன் சாப்பிட்டபோது தூள் ஒருவரின் பையில் சிந்திவிட்டது. அவ்வளவுதான், அறையைவிட்டே வெளியேற்றினார்கள். மாதக்கணக்கில் நடைபாதையிலும் கழிப்பறையிலும் உடை மாற்றினார். கடைசியில் அண்டர்டேக்கர் சொல்லித்தான் உள்ளே விட்டார்கள். 2010 நவம்பரில் அதே மிஸ் சாம்பியன் ஆனார். இதைப் பொறுமைக்குக் கிடைத்த பரிசு என்று பாராட்டுவார்கள். சிக்கன் தூளுக்காக ஒரு மனிதனைக் கழிப்பறைக்குத் துரத்தியது ராகிங். வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

இதைக் கேட்க அங்கே நாதி கிடையாது என்பதுதான் விஷயத்தின் வேர். அமெரிக்க மல்யுத்த வீரர்கள் சட்டப்படி ஊழியர்களே அல்லர், சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள். எங்கே, எப்போது, என்ன உடையில், யாரிடம் தோற்பது என்று நிறுவனம் சொல்லும். மேடையில் பட்ட காயத்துக்கு டபிள்யூடபிள்யூஇ செலவு செய்யும், மற்றபடி மருத்துவக் காப்பீடு அவரவர் பாடு. தொழிற்சங்கம் கிடையாது. சங்கம் இல்லாத இடத்தில் முதலாளியின் தயவு ஒன்றுதான் பாதுகாப்பு. தயவுக்குப் போட்டி வந்தால் அரசியலும் கூடவே வந்துவிடும்.

ஒருவர் முயன்று பார்த்தார். 1986, நிறுவனத்தின் வருடாந்திரப் பெரு நிகழ்ச்சியான ரெசில்மேனியா இரண்டாவது முறையாக நெருங்கிய சமயம். ஆட்டத்தை விட்டுவிட்டு வர்ணனையாளராக இருந்த ஜெஸ்ஸி வென்ச்சுரா, உடை மாற்றும் அறையில் எழுந்து, நமக்கு ஒரு சங்கம் வேண்டும் என்று பேசினார். சீக்கிரமே மக்மேனிடமிருந்து மிரட்டல் வந்தது. யார் போட்டுக் கொடுத்தது என்று தெரியவில்லை. பின்னாளில் வீடியோ விற்பனையில் தனக்குரிய பங்கு கேட்டு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். அந்த வழக்கின் சத்தியப் பிரமாண விசாரணையில்தான் போட்டுக் கொடுத்தவரின் பெயரை மக்மேன் சொன்னார் என்கிறார் வென்ச்சுரா: ஹல்க் ஹோகன். அன்றைய உச்ச நட்சத்திரம், வென்ச்சுரா நண்பராக நினைத்திருந்தவர். வழக்கில் வென்ச்சுராவுக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. 1999இல் மினசோட்டா மாநில ஆளுநராகவும் ஆனார். அந்த ஊரில் ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி, நம் ஊர் முதலமைச்சர் மாதிரி.

2025 ஜூலையில் மறைந்த ஹோகனை இதற்காக முழு வில்லனாக்க எனக்கு மனமில்லை. உச்சியில் இருப்பவருக்குச் சங்கத்தால் லாபம் குறைவு, நஷ்டம் அதிகம். டபிள்யூசிடபிள்யூவுக்குப் போனபோது, தன் ஆட்டத்தின் முடிவில் தனக்கே உரிமை என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டவர் அவர். எல்லோருக்கும் தேவையான பாதுகாப்பைத் தனக்கு மட்டும் வாங்கினார். அந்த நிறுவனத்தில் கெவின் நாஷ் கதை எழுதும் குழுவிலும் இருந்தார், மேடையிலும் ஆடினார். 1998 டிசம்பரில், தோல்வியே காணாத கோல்ட்பெர்க்கை முதன்முதலில் தோற்கடித்தவர் யார் தெரியுமா? அதே நாஷ். 2001 மார்ச்சில் அந்த நிறுவனத்தையே மக்மேன் வாங்கிவிட்டார்.

கிட்டத்தட்ட நேற்று நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2020இல், கொரோனா காலத்தில், வீரர்கள் ட்விட்ச், கேமியோ போன்ற இணையத் தளங்களில் தனியாகச் சம்பாதிப்பதற்கு டபிள்யூடபிள்யூஇ தடை போட்டது. ஒப்பந்தக்காரர் என்றால் வெளியில் சம்பாதிக்கத் தடை ஏது என்று கேட்காதீர்கள், அங்கே பலரும் கேட்டார்கள். நவம்பர் 13 அன்று ஜெலினா வேகா என்ற வீராங்கனை, தான் தொழிற்சங்கத்தை ஆதரிப்பதாக ட்விட்டரில் ஒரு வரி எழுதினார். அதே நாளில் அவரை நீக்கிவிட்டதாக நிறுவனம் அறிவித்தது. அடுத்த ஜூலையில் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அக்டோபரில் பெண்களுக்கான 'குயின்ஸ் கிரவுன்' போட்டியில் அவரை ஜெயிக்க வைத்து மகுடமும் சூட்டினார்கள். ஒப்பந்தக்காரர் என்ற நிலை மட்டும் மாறவில்லை.

நன்றி, வணக்கம்.