பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரியில் என்னதான் படிப்போம்? கோத்தகிரி மாணவியின் கேள்விக்குப் பதில்

சரி, அடுத்த கேள்வி. கோத்தகிரியில இருந்து ஒரு பொண்ணு கேட்டிருக்காங்க: "சார், பத்தாவது முடிச்சுட்டேன். பயாலஜி குரூப் எடுக்கப் போறேன். கெமிஸ்ட்ரியில என்னதான் சொல்லித் தருவாங்க? ஃபார்முலா எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டா போதுமா? எனக்குக் கணக்குன்னா பயம்."

மனப்பாடம் மட்டும் போதாதும்மா. ஏன்னு சொல்றேன்.

நம்ம ஸ்டேட் போர்டு பிளஸ் ஒன் புத்தகத்துல 15 பாடம் இருக்கு. அணு அமைப்பு, ஆவர்த்தன அட்டவணை, வாயு நிலைமை, வெப்ப இயக்கவியல், சமநிலை, பிணைப்பு, அப்புறம் கரிம வேதியியல்னு போகும். ஆனா முதல் பாடம் வேதிக்கணக்கீடுகள். அதுல மோல்னு ஒண்ணு வரும். பத்தாவதுலயே கொஞ்சம் பார்த்திருப்பீங்க. அங்கதான் நிறையப் பேர் தடுக்கி விழறாங்க.

உங்க ஊர்ல பச்சைத் தேயிலையை யாராவது எண்ணிக் குடுப்பாங்களா? எடை போட்டுத்தானே வாங்கறாங்க? மோலும் அதேதான். அணுவை எண்ண முடியாது, அதனால எடை போடறோம். 12 கிராம் கார்பன் எடுத்தா ஒரு மோல். அதுல 6.022 பெருக்கல் 10-ன் அடுக்கு 23 அணு இருக்கும். அவ்வளவுதான்.

இப்போ இதை வெச்சு ஒரு விஷயம் பார்ப்போம். நம்ம மலைக்கு ரொம்ப வேண்டியது. கரியைச் சுத்தமான கார்பன்னே வெச்சுக்குங்க. 12 கிராம் கார்பன் முழுசா எரிய 32 கிராம் ஆக்சிஜன் வேணும். 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு வரும். ஆக்சிஜன் 16 கிராம்தான் கிடைக்குதுன்னா? 28 கிராம் கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ஆளைக் கொல்ற வாயு. குளிருக்குக் கரி அடுப்பை ரூமுக்குள்ள வெச்சு, கதவு ஜன்னலைச் சாத்திட்டுப் படுத்து, காலையில எழுந்திருக்காமப் போனவங்க ஊட்டியிலயும் உண்டு, கொடைக்கானல்லயும் உண்டு. பாடத்துல லிமிட்டிங் ரீஏஜெண்ட்னு, அதாவது வினையில முதல்ல தீர்ந்து போற பொருள்னு, ரெண்டு மார்க்குக்குப் படிப்பீங்களே, அது இதுதான். அந்த அடைச்ச ரூம்ல பத்தாமப் போறது ஆக்சிஜன்.

அது ஏன் கொல்லுதுன்னு கேட்டா, அதுக்கும் பதில் உங்க பாடத்துலயே இருக்கு. ரத்தத்துல ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிக்கும், விடும். அது ஒரு சமநிலை. கார்பன் மோனாக்சைடு அதே இடத்துல, ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். ஆஸ்பத்திரியில ஏன் உடனே ஆக்சிஜன் மாஸ்க் போடறாங்க? ஆக்சிஜன் செறிவைக் கூட்டினா சமநிலை திரும்ப ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிக்கற பக்கம் நகரும். லீ சாட்லியர் தத்துவம், எட்டாவது பாடம். ஹீமோகுளோபின் நடுவுல இருக்கிற இரும்பு எப்படி இதைப் பிடிக்குதுங்கறது பிளஸ் டூவுல அணைவுச் சேர்மங்கள்ல வரும்.

பாருங்க, மூணு பாடம் ஒரே அடுப்புல வந்துடுச்சு. இதைச் சொல்லித் தராம சமன்பாட்டை மட்டும் எழுதிப் போடச் சொல்ற வகுப்பைப் பார்த்தா எனக்கு வருத்தமாதான் இருக்கு.

மனப்பாடம் வேணவே வேணாம்னு சொல்லலை. முதல் 20 தனிமத்தோட குறியீடு, அணு நிறை, இணைதிறன், இது தூக்கத்துல கேட்டாலும் வரணும். கரிம வேதியியல்ல பேர் வைக்கற விதிகளும் அப்படித்தான். ப்ராக்டிகல்ல உப்புப் பகுப்பாய்வும் (குடுத்த உப்புல என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கறது) டைட்ரேஷனும் (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டா விட்டு இன்னொண்ணோட செறிவைக் கண்டுபிடிக்கறது) வரும், அது கைப்பழக்கம்.

கணக்கு பயம்னு சொன்னீங்க. முக்கால்வாசி விகிதக் கணக்குதாம்மா, ஏழாவது எட்டாவதுல போட்டதுதான். சில இடத்துல மட்டும் லாக் (மடக்கை) பார்க்கணும், அதுக்கு அட்டவணை குடுப்பாங்க. ஸ்கூல் திறக்கறதுக்குள்ள கிராமை மோலாவும், மோலைக் கிராமாவும் மாத்தற கணக்கைத் தினமும் அஞ்சு போடுங்க. குரூப்பை மாத்த வேண்டாம்.