ஒன்பது மாத அரசர்

நண்பர்களே, 1066ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் தொடங்கலாம். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில், பிரான்சின் வடகரையிலுள்ள நார்மண்டியின் கோமகன் வில்லியமுக்கு இங்கிலாந்து அரசராக முடிசூட்டு விழா. "இவரை அரசராக ஏற்கிறீர்களா?" என்று யார்க் பேராயர் ஆங்கிலத்தில் கேட்கிறார். அதையே இன்னொரு ஆயர் பிரெஞ்சில் கேட்கிறார். கூட்டம் ஓவென்று கத்தி ஆமோதிக்கிறது. வெளியே காவலுக்கு நின்ற நார்மன் வீரர்களுக்கு அது கலகச் சத்தமாகப் பட்டுவிட்டது. அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தீ வைத்துவிட்டார்கள். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் வெளியே ஓட, மிச்சமிருந்த சில பாதிரிமார்கள்தான் சடங்கை முடித்தார்கள். வில்லியம் உடல் நடுங்க நின்றாராம். பின்னாளில் ஆர்டரிக் விட்டாலிஸ் என்ற துறவி எழுதி வைத்தது இது.

சரி, இவர் எப்படி அங்கே வந்தார்? அந்த ஆண்டு ஜனவரி 5ஆம் தேதி எட்வர்ட் அரசர் பிள்ளையில்லாமல் இறந்தார். மறுநாளே அவருடைய மைத்துனர் ஹரால்டு முடிசூடினார். வில்லியமோ, எட்வர்ட் தனக்குத்தான் வாக்குக் கொடுத்தார் என்றார். ஹரால்டே தன்னிடம் சத்தியம் செய்தார் என்றார். இதெல்லாம் நார்மன் தரப்பு சொல்வது. ஜெயித்தவர் வீட்டுக் கதை வேறெப்படி இருக்கும்?

ஹரால்டின் கெட்ட நேரம், நார்வே அரசரும் அதே செப்டம்பரில் வடக்கே வந்து இறங்கினார். 25ஆம் தேதி ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் அவரை ஹரால்டு ஒழித்துக்கட்டினார். மூன்றே நாளில் வில்லியம் தென்கரையில் பெவன்சியில் இறங்கிவிட்டார். களைத்த படையோடு ஹரால்டு தெற்கே ஓடி வந்தார். அக்டோபர் 14, ஹேஸ்டிங்ஸ். காலையில் தொடங்கிய சண்டை பொழுது சாயும்போது முடிந்தது. ஹரால்டு களத்திலேயே விழுந்தார்.

போர் ஒரு நாள்தான். நாட்டைப் பிடிக்க இருபது ஆண்டு ஆயிற்று என்பேன் நான். மண்மேடு எழுப்பி, மரவேலி கட்டி, ஊருக்கு ஊர் கோட்டை வைத்தார்கள். 1069இல் வடக்கே கிளர்ச்சி வந்தபோது பயிரையும் மாட்டையும் கொளுத்தினார்கள். அப்புறம் வந்த பஞ்சத்தில் மக்கள் மடிந்தார்கள். நிலமெல்லாம் வில்லியமின் கூட்டாளிகளுக்குப் போனது. 1086இல் அரசரிடமிருந்து நேரடியாகப் பெருநிலம் பெற்றிருந்த ஆங்கிலேயர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்த ஆண்டுதான் நாட்டு நிலத்தைப் பற்றி வில்லியம் எழுதவைத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பு. 'தீர்ப்பு நாள்' என்ற பொருளில் ஜனங்கள் பிற்பாடு வைத்த பெயர் அது. அதில் எழுதியதற்கு அப்பீல் கிடையாது. எத்தனை ஏர், எத்தனை மாவு ஆலை, எவ்வளவு மேய்ச்சல் என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதினார்கள். ஒரு பன்றியைக்கூட விடவில்லையே, இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது என்று அக்கால ஆங்கில வரலாற்றேடு புலம்புகிறது. இத்தனைக்கும் லண்டன் அதில் இல்லை!

எனக்கு அதில் பிடித்த இடம் வேறு. நிலம் எட்வர்ட் அரசர் காலத்தில் யாரிடம் இருந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. நடுவில் ஒருவர் ஒன்பது மாதம் முடி தரித்து ஆண்டாரே? அவர் பெயரும் அந்தப் பக்கங்களில் அடிக்கடி வருகிறது, நிலம் வைத்திருந்தவர்களில் ஒருவராக. அநேகமாக எல்லா இடத்திலும் 'பிரபு ஹரால்டு' என்றே.