கனமான கண்ணாடியைச் சுவரில் மாட்டும் முன்

வணக்கம் நேயர்களே. கண்ணாடி வெட்டி, சட்டம் போட்டு, வீடுகளுக்குப் போய் மாட்டிக் கொடுப்பது என் தொழில். கடைக்கு வருகிறவர்கள் கண்ணாடியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது பெரும்பாலும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "இதுக்கு எத்தனை இஞ்ச் ஆணி அடிக்கணும்?" ஆணியை அப்புறம் பார்க்கலாம். கண்ணாடி எவ்வளவு கனம், அந்தக் கனத்தை எது தாங்கப் போகிறது, இந்த இரண்டும் தெரிய வேண்டும் முதலில்.

எடையைத் தராசு இல்லாமலே கணக்குப் போடலாம். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, 1 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் இரண்டரை கிலோ. 5 மில்லிமீட்டர் என்றால் பன்னிரண்டரை கிலோ. நான்கடி உயரம், மூன்றடி அகலத்தில் ஒரு நிலைக்கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். 5 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே ஏறக்குறைய 14 கிலோ. பின்னால் 12 மில்லிமீட்டர் பிளைவுட் வைத்தால் இன்னொரு எட்டு கிலோ. தேக்குச் சட்டமும் சேர்ந்தால் 25 கிலோவைத் தொட்டுவிடும். ஒரு சிப்பம் அரிசியைச் சுவரில் மாட்டப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒற்றை ஆணியில் தொங்கவிட யாருக்காவது மனசு வருமா?

பழைய வீடுகளில் தாத்தா பாட்டி படங்கள் முன்பக்கம் சற்றுச் சாய்ந்தபடி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழிருந்து நிமிர்ந்து பார்க்கிறவர்களுக்கு வசதி என்பது ஒரு காரணம். ஆனால் அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். சட்டத்தின் கீழ் விளிம்பு இரண்டு ஆணிகளின் மேலோ மரக்கட்டைகளின் மேலோ உட்கார்ந்திருக்கும். மேலே கட்டியிருக்கும் கயிற்றின் வேலை, படம் முன்னால் கவிழாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான். சலூன்களில் சுவர் நீளத்துக்கு இருக்கும் கண்ணாடியும் அப்படித்தான், கீழே பலகையின் மேல் நிற்கும். கனமான கண்ணாடி எதுவாக இருந்தாலும் நான் இந்த முறையைத்தான் பின்பற்றுகிறேன். எடை கீழே உட்கார வேண்டும், மேலே பிடிப்பு மட்டும் போதும்.

சட்டம் போட்ட கண்ணாடி என்றால் அதன் அகலத்துக்கு ஒரு தேக்கு ரீப்பரையோ அலுமினிய ஆங்கிளையோ சுவரில் நான்கு திருகாணி போட்டு முடுக்கிவிட்டு, அதன் மேல் கண்ணாடியை உட்கார வைக்கலாம். ரீப்பர் வெளியே தெரிவது பிடிக்காதவர்களுக்கு வேறொரு வழி உண்டு. ஒரு மரப்பட்டையை நீளவாக்கில் 45 பாகைச் சாய்வில் இரண்டாக அறுக்கச் சொல்லுங்கள், எந்தத் தச்சரும் செய்து கொடுப்பார். ஒரு துண்டு சுவரில், இன்னொன்று சட்டத்தின் பின்னால். கண்ணாடியைத் தூக்கி வைத்தால் சாய்வுகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். கனம் பட்டையின் நீளம் முழுவதும் பரவிவிடும், கண்ணாடியும் சுவரோடு ஒட்டி நிற்கும். சட்டம் இல்லாத வெறும் கண்ணாடிக்குக் கீழே அலுமினியச் சேனல், மேலே கிளிப்புகள். கண்ணாடி நேராக உலோகத்தில் படக்கூடாது, நடுவில் ரப்பர் வைக்க வேண்டும்.

கம்பி கட்டித் தொங்கவிடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. சின்னப் படங்களுக்குச் சரி. பெரிய கண்ணாடியின் பின்னால் கம்பியை இழுத்து விறைப்பாகக் கட்டுவதுதான் ஆபத்து. கம்பி நன்றாகத் தொய்ந்து 45 பாகையில் இருந்தால், 20 கிலோ கண்ணாடிக்கு ஒவ்வொரு பக்கமும் 14 கிலோ இழுவிசை வரும். அதே கம்பி கிட்டத்தட்ட நேர்க்கோடாக, 10 பாகையில் இருந்தால் ஒவ்வொரு பக்கமும் 57 கிலோவுக்கு மேல் இழுக்கும்! கம்பியைத் தாங்கும் கொக்கிகள் சட்டத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவது இதனால்தான். கண்ணாடி அப்படியே இருக்கும், கணக்குதான் மாறிவிட்டது.

இனி சுவர். வெளியே பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து எல்லாச் சுவரும் ஒன்றுபோலத்தான் இருக்கும். டிரில்லிங் மெஷினை வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். துளையிலிருந்து கொட்டும் தூளைப் பாருங்கள். முதல் அரை அங்குலம் சாம்பல் நிறத் தூள் வரும், அது சிமெண்ட் பூச்சு. அதற்குப் பிடிப்பே கிடையாது, அந்த ஆழத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதன் பிறகு சிவப்புத் தூள் வந்தால் செங்கல், நிம்மதியாக வேலை செய்யலாம். தொடர்ந்து சாம்பல் தூளே வந்து, பிட், அதாவது மெஷினின் துளைக்கும் முனை, சுலபமாக இறங்கினால் அது செங்கல்லுக்கு இடையிலுள்ள கலவையில் போகிறது என்று பொருள், ஓர் அங்குலம் மேலேயோ கீழேயோ தள்ளிப் போடலாம். பிட் ஓரிடத்தில் நின்று கத்தினால் கான்கிரீட் தூணோ, கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டலோ. கஷ்டப்பட்டுத் துளை போட்டுவிட்டால் அதைப் போல உறுதியான இடம் வேறில்லை. பிட் திடீரென்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக், உள்ளே வெற்றிடம். துளைக்குள் செருகி அதில் திருகாணி போடுகிற சாதாரண பிளக் அங்கே சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும், பின்பக்கம் இறக்கை போல விரிகிற வகை போல்ட் வேண்டும்.

வெண்ணிறத் தூள் மாவாகக் கொட்டி, பிட் வெண்ணெயில் போவதுபோலப் போனால் அது லைட் வெயிட் பிளாக், ஏஏசி பிளாக் என்பார்கள். இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இதுதான் அதிகம். இதில் மெஷினின் ஹேமர் பொத்தானை, அதாவது இடித்து இடித்துத் துளைக்கும் வசதியை, அணைத்துவிட்டுத்தான் துளை போட வேண்டும், இல்லையென்றால் துளையின் ஓரமெல்லாம் நொறுங்கி அகலமாகிவிடும். இந்தக் கல்லுக்கென்றே நீளமான பிளக்குகள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். திருகாணிகளின் எண்ணிக்கையையும் கூட்டிக்கொள்ளுங்கள். காரை பூசிய பழைய வீட்டுச் சுவர்களுக்கும் ஹேமர் ஆகாது, பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும்.

துளை போடும் இடத்துக்கு நேர் கீழேயோ மேலேயோ சுவிட்ச் போர்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுவருக்குள் ஒயர் குழாய் பெரும்பாலும் போர்டிலிருந்து செங்குத்தாக மேலே போகும். குளியலறைச் சுவரில் தண்ணீர்க் குழாயும் சேர்ந்துகொள்ளும். சந்தேகமாக இருந்தால் இடத்தை மாற்றுவதே மேல்.

அந்தக் காலத்தில் உளியால் சுவரைக் குடைந்து, மரக்கட்டையை இறுக்கி, அதில் திருகாணி போடுவார்கள். லண்டனில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற கட்டட ஒப்பந்தக்காரருக்கு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுவரைச் சிதைக்காமல் மின்சாதனங்களைப் பொருத்தித் தர வேண்டியிருந்தது. அவர் சணல் நாரை ஒட்டிக் குழல்போலச் செய்த பிளக்குக்கு 1911-ஆம் ஆண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1958-இல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் அதை நைலானில் செய்தார். இன்று ஹார்டுவேர் கடையில் நாம் வாங்குவது அதன் வாரிசுகளைத்தான். திருகாணி உள்ளே போகப் போக பிளக் விரிந்து துளையின் சுவரை அழுத்தும், பிடிப்பே அந்த அழுத்தம்தான். எனவே பிளக்கின் அளவும் பிட்டின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 8 மில்லிமீட்டர் பிளக்குக்கு 8 மில்லிமீட்டர் பிட். துளை பெரிதாகிவிட்டால் தீக்குச்சியைச் செருகிச் சமாளிக்கிற வேலையெல்லாம் காலண்டர் மாட்டத்தான் உதவும். உள்ளே தூள் தங்கினாலும் பிளக் வழுக்கும். சைக்கிள் பம்பால் இரண்டு முறை ஊதினால் போதும், கண்ணை மூடிக்கொண்டு ஊதுங்கள்.

"துளையே வேண்டாம், டேப் ஒட்டிடலாமே" என்று கேட்பவர்களும் உண்டு. டேப் நல்ல டேப்பாகவே இருக்கலாம். ஆனால் அது ஒட்டுவது பெயிண்டில். பெயிண்ட் ஒட்டியிருப்பது பட்டியில். மழைக்காலத்தில் சுவர் ஈரம் வாங்கினால் எல்லாம் சேர்ந்து உரிந்து வரும். சிலிக்கான் பசை போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போடும்போது வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான் கண்ணாடிக்கு ஆகாது. அந்த அமிலம் பின்னாலுள்ள வெள்ளிப் பூச்சை அரித்து, சில மாதங்களில் கறுப்புத் திட்டுகள் விழும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். அதுவும் துணைக்குத்தான், கனத்தைக் கீழே சேனல் தாங்கியே ஆக வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, "ஆணி அடிக்காதீங்க" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டால், ஆளுயரக் கண்ணாடியைத் தரையில் நிறுத்திச் சுவரில் சாய்த்துவைப்பதுதான் வழி. டைல்ஸ் தரை வழுக்கும், அடியில் ரப்பர் ஒட்டுங்கள். மேல் விளிம்பை ஒரே ஒரு சின்னக் கொக்கியாலாவது சுவரோடு பிணைக்க அனுமதி கேளுங்கள். குழந்தை பிடித்து இழுத்தால் காப்பாற்றப் போவது அந்தக் கொக்கிதான். கண்ணாடியின் பின்புறம் சேஃப்டி ஃபிலிம் ஒட்டித் தரச் சொன்னால், உடைந்தாலும் சில்லுகள் சிதறாது. கட்டில் தலைமாட்டிலும் தொட்டிலுக்கு மேலேயும் என்ன சொன்னாலும் நான் மாட்டித் தருவதில்லை. சண்டை போட்டுக்கொண்டு போனவர்களும் உண்டு.

மாட்டும்போது இரண்டு பேர் வேண்டும், காலில் செருப்பு வேண்டும், ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகுதான் கடைசித் திருகாணியை முடுக்க வேண்டும். பிறகு துடைக்கும்போது தண்ணீரையோ ஸ்ப்ரேயையோ கண்ணாடி மேல் அடிக்காமல் துணியில் அடித்துத் துடையுங்கள். வழிகிற தண்ணீர் கீழ்ச் சேனலில் தேங்கித்தான் அடி விளிம்பு முதலில் கறுக்கிறது. வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.