பழுப்பிலும் ரகம் உண்டு: புதுக் கடல் தொட்டியில் பாசி

[காட்சி: தொட்டியின் முன்பக்கம். காலை. விளக்கு போடவில்லை.]

வணக்கம். கோலாலம்பூர், செந்தூலில் எங்கள் ஃபிளாட் வரவேற்பறை. இரண்டடித் தொட்டி, 90 லிட்டர் உப்புநீர். மணல் எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: அதே மணல். அன்றைக்கே பிற்பகல் மூன்று மணி.]

இப்போது பாருங்கள். மூக்குச் சளி மாதிரி பழுப்பு இழைகள், நுனியில் காற்றுக் குமிழிகள். இரண்டு காட்சியும் போன வருஷம் எடுத்தவை, தொட்டி வைத்த மூன்றாவது மாதம். இதைக் கண்டதும் தொட்டி அழுக்காகிவிட்டது என்று முடிவு கட்டினேன். வாரம் இரண்டு தடவை தண்ணீர் மாற்றினேன், பாசிக்கு உரமாகும் பாஸ்பேட்டை உறிஞ்சும் மருந்து போட்டேன், மீனுக்குத் தீனியைப் பாதியாக்கினேன். இரண்டே வாரத்தில் இழைகள் பாறை மேலும் ஏறின. ஆறு நத்தைகளில் நான்கு செத்துப்போயின.

அழுக்கே இல்லாத தொட்டியில்தான் அது பெரும்பாலும் வரும் என்று எனக்கு அப்போது தெரியாது.

சரி, முதலில் பயப்பட வேண்டாத பழுப்பு. தொட்டி வைத்த சில வாரங்களில் மணல், கண்ணாடி, பம்ப் எல்லாவற்றின் மேலும் மஞ்சள் கலந்த பழுப்புத் தூள் படியும். கோக்கோ பொடியைத் தூவியது போல இருக்கும். விரல் பட்டாலே புகையாகக் கலைந்துவிடும். இது டயட்டம். ஒற்றை செல் உயிர், சிலிக்காவால் ஆன ஓடு. புது மணலிலும் குழாய்த் தண்ணீரிலும் இருக்கும் சிலிக்கேட்டைத் தின்று வளரும். அது தீர்ந்தால் தானே அடங்கும். நத்தைகளும் விரும்பி மேயும். பொறுமைதான் மருந்து.

இன்னொரு பழுப்பு டைனோ, அதாவது டைனோஃபிளாஜெலேட். என் தொட்டியில் இருந்தது இதுதான். இரவில் காணாமல் போகும், விளக்கு எரிந்து சில மணி நேரத்தில் திரும்பி வரும். சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை.

[காட்சி: கண்ணாடி டம்ளர், காகித வடிகட்டி.]

கொஞ்சம் சளியைத் தொட்டித் தண்ணீரோடு உறிஞ்சி, ஒரு புட்டியில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். கோப்பி வடிகட்டும் காகிதத்தில் ஊற்றி, கீழே இறங்கும் தண்ணீரை டம்ளரில் பிடியுங்கள். அம்மாவின் கோப்பித் துணி வேண்டாம். அதன் இழை பெரிது, தவிர வீட்டில் சண்டை வரும். டம்ளரை விளக்கடியில் ஒரு மணி நேரம் விடுங்கள். தெளிந்த தண்ணீரில் மறுபடி இழை கோத்துக்கொண்டால் பெரும்பாலும் டைனோதான். மணலோடு ஒட்டிக் கிடக்கும் சில வகை இந்தச் சோதனையில் சிக்காது. அதற்குப் பிள்ளைகள் வைத்து விளையாடும் மைக்ரோஸ்கோப் போதும், 400 மடங்கு காட்டினால் சரி. டயட்டம் அசையாமல் கிடக்கும், அல்லது மெல்ல நழுவும். என் தொட்டியில் இருந்தது ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற வகை. கண்ணீர்த் துளி வடிவம், கயிற்றில் கட்டிய ஆடு போல ஒரே புள்ளியைச் சுற்றிச் சுற்றி வந்தது. இந்த வகைக்கு விஷம் உண்டு, நத்தைகள் செத்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். கையில் காயம் இருந்தால் கையுறை போடாமல் தொடாதீர்கள்.

அன்று தண்ணீரைச் சோதித்தபோது பாசிக்குச் சத்தாகும் இரண்டும், நைட்ரேட் 0, பாஸ்பேட் 0. மற்ற பாசிக்கும் நல்ல பாக்டீரியாவுக்கும் சோறில்லை, அந்தக் காலி இடத்தை டைனோ பிடித்துக்கொண்டது. ஆகவே செய்ததையெல்லாம் தலைகீழாக்கினேன். தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினேன், மருந்தை எடுத்தேன், தீனியைக் கூட்டினேன். லிட்டருக்கு நைட்ரேட் 5 மில்லிகிராம், பாஸ்பேட் 0.1 மில்லிகிராம் அருகில் வரும்வரை காத்திருந்தேன். மூன்று நாள் தொட்டியைப் போர்வையால் மூடி வைத்தேன். ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் தண்ணீரில் மிதக்கும் என்பதால் மிதப்பதைக் கொல்லும் யூ.வி. (புற ஊதா) விளக்கும் மாட்டினேன். மணலை விட்டு வராத வகைக்கு யூ.வி. வீண் செலவு. அடங்க ஆறு வாரம் ஆனது.

பச்சை முடிப்பாசிக்கு இந்த வைத்தியத்தைச் செய்துவிடாதீர்கள், அது நேர் எதிர்! அங்கே சத்து அதிகம். ஆனால் சோதனையில் 0 காட்டலாம், பாசியே தின்றுவிடுவதால். கையால் பிடுங்குங்கள், டர்போ அல்லது ட்ரோக்கஸ் நத்தை விடுங்கள், விளக்கை எட்டு மணி நேரத்தோடு நிறுத்துங்கள். சிவப்பு வெல்வெட் துணி போல மூடுவது சயனோ. அது பாசியே அல்ல, பாக்டீரியா. தோல் மாதிரி உரிந்து வரும், குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள், அந்த மூலைக்கு நீரோட்டத்தைத் திருப்புங்கள். ஆன்டிபயாட்டிக் போடச் சொல்வார்கள். புதுத் தொட்டியில் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து போகலாம், எனக்கு அதில் விருப்பமில்லை.

[காட்சி: தொட்டி மேல் சின்ன மின்விசிறி.]

நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லையும் இருக்கிறது. வெயில் நாளில் இந்த அறை 31 டிகிரி. விசிறி வைத்தால் தண்ணீர் 27-க்கு இறங்கும், ஆனால் நாளுக்கு இரண்டு லிட்டர் ஆவியாகும். உப்பு அப்படியே தங்கிவிடும், ஆகவே ஈடு கட்ட உப்பில்லாத தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். மாதம் 60 லிட்டர்! அதில் கலந்து வரும் சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் ஆவியாகாமல் சேர்ந்துகொண்டே போகும். கீழே சில்லறை போட்டுப் பிடிக்கும் தண்ணீர் மெஷினில் ஆர்.ஓ., அதாவது நுண்சவ்வில் வடித்த தண்ணீர், என்றுதான் எழுதியிருந்தது. மீட்டரை வைத்தேன், டி.டி.எஸ். 31, அதாவது கரைந்த பொருள் இன்னும் இருக்கிறது. அங்கே பிடிக்கலாம், ஆனால் வீட்டில் டி.ஐ. பிசின் (மிச்சம் கரைந்திருப்பதைப் பிடித்துக்கொள்ளும் மணிகள்) வழியாக ஒரு தடவை விட்டு 0 காட்டிய பிறகே தொட்டியில் ஊற்றுங்கள்.

[காட்சி: பாறையின் ஓரம், மிக அருகில். ரோஸ் நிறப் புள்ளி.]

இது போன வாரம். மிளகளவு ரோஸ் புள்ளி, நகத்தால் சுரண்டினாலும் வராத அளவுக்குக் கெட்டி. கோரலைன், சுண்ணாம்பு சேர்த்து வளரும் பாசி. இதற்காகத்தான் ஒரு வருஷம் காத்திருந்தேன். காலையில் அம்மா, "ஐயா, இங்கே வேற கறை பிடிச்சிருக்குடா" என்று பாத்திரம் தேய்க்கும் நாரோடு வந்து நின்றார். நல்ல வேளை, நான் வீட்டில் இருந்தேன்.